அருகிவரும் விலங்குகளுக்கான தேசியச் செயல்திட்டம்: தோட்டப்புறத்தார் படித்துப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஜொகூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான குளுவாங்கின் பெயர், மலாய் மொழியில் கெலுவாங் என்று சொல்லப்படும் பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது. இந்தப் பெயர்க்காரணத்தைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த வௌவால்கள் கூட்டமாகப் பறந்து போவதைக் கண்ணால் பார்த்த பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மெர்சிங் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்த நாட்களில், பொழுது சாயும் நேரத்தில் லயத்து முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், அவை கிழக்கு நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். பிற்காலத்தில் அதே வட்டாரத்தில் தோட்டக் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்தபோது, மறுநடவு செய்த செம்பனைக் கன்றுகளை யானைகள் இரவோடு இரவாகப் பிடுங்கிப்போட்ட காலைகளில், எத்தனை கன்று போயிற்று என்று எண்ணி எழுதியவன் நான். அந்த எண்ணிக்கை நட்டக் கணக்காக மேலிடத்துக்குப் போனது. எந்தத் திசையிலிருந்து எத்தனை யானை வந்தது, குட்டி இருந்ததா, எந்த ஓடையைக் கடந்து போனது என்பவற்றை யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. அந்தக் குறைதான் இந்த வழிகாட்டியை எழுத வைத்தது.

புலிக்கும் யானைக்கும் நாட்டளவில் செயல்திட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டால், அது கூட்டரசு அமர்ந்திருக்கும் புத்ராஜெயாவின் விவகாரம் என்று நாம் விட்டுவிடுகிறோம். உண்மை வேறு. மலேசியாவில் 102 யானைகளின் கழுத்தில் கருவி பொருத்தி அவற்றின் நடமாட்டத்தைத் தொடர்ந்து பார்த்து 2022இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான யானைகள் தங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் காப்பகங்களுக்கு வெளியே கழிக்கின்றன என்று காட்டியது. காப்பகத்துக்கு வெளியே இருப்பது வேறெதுவும் அன்று. வெட்டுக்குத் திறந்த காடு, கம்பம் எனப்படும் சிற்றூர், தோட்டம், சாலை ஆகியவையே. ஆகவே ஒரு தேசியச் செயல்திட்டம் நிறைவேறுவதும் தோற்றுப்போவதும் நம் வேலி ஓரத்தில்தான். அதைப் படித்துப் புரிந்துகொள்ளவும், அதில் நமக்குள்ள இடத்தைக் கேட்டுப் பெறவும் பின்வரும் படிகள் உதவும்.

முதல் படி: விலங்கின் நிலையை அறிந்துகொள்ளுதல்

திட்டம் எதுவும் ஒரு மதிப்பீட்டிலிருந்தே தொடங்குகிறது. உலக அளவில் இந்த மதிப்பீட்டைச் செய்வது 1948இல் தொடங்கப்பட்ட இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம். அதன் சிவப்புப் பட்டியலில் பாதிப்புக்குள்ளாகக்கூடியவை, அருகிவருபவை, மிக அருகிவிட்டவை என்று மூன்று நிலைகள் அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களைக் குறிக்கின்றன. எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது, வாழும் பரப்பு எவ்வளவு சுருங்கிவிட்டது, இனம்பெருக்கும் வயதில் எத்தனை மிஞ்சியுள்ளன என்பன போன்ற ஐந்து அளவுகோல்களில் ஏதேனும் ஒன்றில் பட்டாலும் போதும். பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், இவற்றில் எது நீண்டதோ அந்தக் காலத்தில், 80 விழுக்காடு குறைந்துவிட்ட இனம் மிக அருகிவிட்டதாகக் கொள்ளப்படும். 50 விழுக்காடு குறைந்திருந்தால் அது அருகிவரும் இனம். வேறொரு அளவுகோலின்படி, வளர்ந்த விலங்குகள் 50க்கும் குறைவாக இருந்தாலே மிக அருகிவிட்டது என்று வகைப்படுத்தலாம்.

உலகப் பட்டியல் ஒன்றை மட்டும் பார்ப்பது போதாது, ஏனெனில் ஓர் இனம் அண்டை நாட்டில் தழைத்திருக்க, நம் நாட்டில் ஒழிந்துகொண்டிருக்கலாம். தீபகற்ப மலேசியாவின் பாலூட்டிகளுக்கெனத் தனிச் சிவப்புப் பட்டியல் ஒன்றை வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை வெளியிட்டிருக்கிறது. நாம் பெர்ஹிலித்தான் என்று சொல்லும் துறை அதுவே. அதன் முதல் பதிப்பு 2010இலும் இரண்டாம் பதிப்பு 2017இலும் வந்தன. மரங்களுக்கு வேண்டுமானால் கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் பட்டியல்களைப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையைப் படிக்கும்போது, அது எண்ணப்பட்டதா, கருதப்பட்டதா என்று கேட்கும் பழக்கம் வேண்டும். 1950களில் மலாயாவில் 3,000 புலிகள் இருந்ததாகச் சொல்லப்படுவது கணிப்பு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 500 என்று சொல்லப்பட்டதும் கணிப்பே. 2016 முதல் 2020 வரை காடு முழுதும் தானியங்கிப் படக்கருவிகளை வைத்து நடத்தப்பட்ட முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்புதான் 150க்கும் குறைவு என்ற நிலையை வெளிப்படுத்தியது. தவறான எண்ணை நம்பி எழுதப்பட்ட திட்டம், காய்ச்சலை அளக்காமல் கொடுத்த மருந்தைப் போன்றது.

இரண்டாம் படி: அதிகாரம் யாரிடம் என்று பிரித்துப் பார்த்தல்

இந்த வழிகாட்டியில் வாசகர் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், அது இதுவாக இருக்கட்டும். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, எது கூட்டரசின் பொறுப்பு, எது மாநிலத்தின் பொறுப்பு என்று பிரித்து வைத்திருக்கிறது. நிலமும் காடும் மாநிலப் பட்டியலில் உள்ளன. வனவிலங்குகளையும் காட்டுப் பறவைகளையும் பாதுகாப்பதும் தேசியப் பூங்காக்களும் இரு தரப்புக்கும் பொதுவான பட்டியலில் உள்ளன. இதன் விளைவு என்னவென்றால், யானையைப் பாதுகாக்கும் திட்டத்தைக் கூட்டரசு எழுதலாம். யானை நிற்கும் காட்டை வெட்டக் கொடுப்பதா, தோட்டமாக்குவதா, விட்டுவைப்பதா என்று முடிவு செய்வது மாநில அரசு. விலங்குக்கு ஓர் எசமான், அது மிதிக்கும் மண்ணுக்கு வேறோர் எசமான்.

இது ஏட்டுச் சிக்கல் அன்று என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே சான்று இருக்கிறது. ஜொகூரும் பகாங்கும் சந்திக்கும் எண்டாவ்-ரொம்பின் காடு தேசியப் பூங்காவாகும் என்று எதிர்பார்க்கப்பட்டிருந்தபோது, 1977இல் பகாங் மாநிலம் அதன் ஒரு பகுதியில் மரம் வெட்ட அனுமதி வழங்கியது. மலாயா இயற்கைக் கழகம் உள்ளிட்ட அமைப்புகளும் பொதுமக்களும் நாடெங்கும் குரல் கொடுத்த பின்னரே அந்த வெட்டு நின்றது. 1980இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்த பிறகும் எண்டாவ்-ரொம்பின் அந்தச் சட்டத்தின்கீழ் வரவில்லை. ஜொகூர் தன் பகுதியை, 489 சதுர கிலோமீட்டர் அளவில், தன்னுடைய மாநிலச் சட்டத்தின்கீழ் 1993இல் பூங்காவாக அறிவித்து, தன் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் வைத்துக்கொண்டது. இதைக் குறையாக மட்டும் நான் சொல்லவில்லை. மாநிலம் மனம் வைத்தால் காக்க முடியும் என்பதும் அதில் தெரிகிறது. ஆனால் செயல்திட்டம் ஒன்றில் "காட்டு வழித்தடம் உறுதிசெய்யப்படும்" என்ற வரியைப் பார்த்தால், அதை உறுதிசெய்யும் கையொப்பம் எங்கே இடப்படும் என்று கேட்க வேண்டும். நம்மைப் பொறுத்தவரை அந்தக் கையொப்பம் இடப்படும் இடம் புத்ராஜெயா அன்று, ஜொகூர் மாநில அரசு.

சபாவும் சரவாக்கும் இன்னும் தனித்து நிற்கின்றன. சபாவுக்கு 1997ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சரவாக்குக்கு 1998ஆம் ஆண்டின் சட்டமும் உண்டு. யானை, ஒராங் ஊத்தான், பந்தேங் காட்டெருது முதலியவற்றுக்குச் சபா தன் சொந்தச் செயல்திட்டங்களை வகுத்துக்கொள்கிறது. சபாத் தோட்டங்களில் உறவினர் வேலை செய்தால், அவர்கள் பார்க்க வேண்டிய ஆவணங்கள் வேறு.

மூன்றாம் படி: சட்டப் பட்டியலில் விலங்கின் இடத்தைக் காணுதல்

தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் உரியது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 716ஆவது சட்டம். 1972ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. இதன் முதல் அட்டவணையில் உள்ளவை பாதுகாக்கப்பட்ட விலங்குகள். உரிமம் பெற்றால் அவற்றில் சிலவற்றை வேட்டையாடலாம். இரண்டாம் அட்டவணையில் உள்ளவை முழுப் பாதுகாப்புப் பெற்றவை. சிறப்பு அனுமதியின்றித் தொடக்கூடாது. புலியும் யானையும் தாப்பிரும் இரண்டாம் அட்டவணையைச் சேர்ந்தவை. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் தண்டனையின் உச்சவரம்பைப் பத்து லட்சம் ரிங்கிட் வரையிலும் பதினைந்து ஆண்டுச் சிறை வரையிலும் உயர்த்தியது. எல்லை தாண்டிய வாணிகத்துக்கு 2008ஆம் ஆண்டின் 686ஆவது சட்டம் தனியாக இருக்கிறது.

அட்டவணை இடம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு எங்கள் ஊர்ப் பெயர் விலங்கே உதாரணம். 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தீபகற்பத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 பழந்தின்னி வௌவால்களை வேட்டையாட உரிமம் வழங்கப்பட்டு வந்தது. அதே வேகம் தொடர்ந்தால் 6 முதல் 81 ஆண்டுகளுக்குள் அவை இங்கு அற்றுப்போகும் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். அந்த வௌவால்களில் சில சுமத்திராவுக்கும் தாய்லாந்துக்கும் பறந்து சென்று வந்ததையும் செயற்கைக்கோள் வழி கண்டனர். ஆகவே உரிமத்தின் எண்ணிக்கையை ஒரு மாநிலம் தனக்குள் கணக்குப் பார்த்து முடிவு செய்வது பொருந்தாது. நம்மவர்களில் சிலர் ஆஸ்துமாவுக்கு நல்லது என்று நம்பி வௌவால் இறைச்சியைத் தேடிப் போனதும் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்திலேயே நடந்தது. டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் வௌவால்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை அன்று எங்களுக்குச் சொல்வார் இல்லை.

நான்காம் படி: செயல்திட்டத்தைக் கையில் எடுத்துப் படித்தல்

இந்நாட்டின் இனவாரிச் செயல்திட்டங்கள் கொள்கை ஆவணங்கள். அவற்றுக்கு மேலே தேசியப் பல்லுயிர்க் கொள்கை இருக்கிறது. 1998இல் முதலில் வந்த அது, 2016-2025 காலத்துக்கெனத் திருத்தப்பட்டு, 2022 டிசம்பரில் உலக நாடுகள் குன்மிங்-மாண்ட்ரியல் உடன்பாட்டில் 23 இலக்குகளை ஏற்றுக்கொண்ட பின்னர் 2030 வரைக்கும் புதுப்பிக்கப்பட்டது. அந்த 23இல் நான்காவது இலக்கு, மனிதரால் நேரும் இன அழிவைத் தடுத்து அருகிய இனங்களை மீட்பதைப் பற்றியது. கொள்கை மேலே, இனத்துக்கான திட்டம் நடுவே, நிலத்தைப் பற்றிய முடிவு கீழே என்று மூன்று தட்டுகளாக மனத்தில் வைத்துக்கொண்டால் படிப்பது எளிதாகும்.

படிக்கும்போது ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நடவடிக்கைக்கும் எதிரே இவற்றைக் குறிக்கலாம்: இதைச் செய்ய வேண்டியவர் யார், எந்த ஆண்டுக்குள், எந்தப் பணத்தில், யாருடைய நிலத்தில், செய்தாயிற்று என்பதை எதை வைத்து அளப்பார்கள். விடை இல்லாத இடத்தில் ஒரு சுழி இடுங்கள். சுழிகள் மிகுந்த திட்டம் விருப்பப் பட்டியலாகவே நிற்கும். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் அருகிய இனங்கள் சட்டத்தின்கீழ் எழுதப்படும் மீட்புத் திட்டங்களில், அளந்து பார்க்கத்தக்க அடையாளங்களும் காலமும் செலவும் இயன்றவரை குறிக்கப்பட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. நம் திட்டங்களையும் அந்த அளவுகோலால் பார்ப்பதில் தவறில்லை.

புலித் திட்டத்தை இப்படிப் படித்துப் பார்ப்போம். 2008இல் வந்த தேசியப் புலிப் பாதுகாப்புச் செயல்திட்டம், 2020ஆம் ஆண்டுக்குள் காட்டில் ஏறத்தாழ 1,000 புலிகள் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. பெலூம்-தெமெங்கோர், தாமான் நெகாரா, எண்டாவ்-ரொம்பின் ஆகிய மூன்றும் முதன்மை இடங்களாகக் குறிக்கப்பட்டன. இலக்கு தெளிவாக இருந்தது, இடமும் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தக் காலக்கெடு முடிந்தபோது 150க்கும் குறைவான புலிகளே இருந்தன. காட்டில் கம்பிக் கண்ணி வைப்போரின் எண்ணிக்கைக்கு ஈடாக ரோந்துப் பணியாளர் இல்லை; புலிக்கு இரையாகும் மான்கள் குறைந்திருந்தன; காடு துண்டு துண்டாகிக்கொண்டிருந்தது. இவை மூன்றும் திட்டத்தை எழுதியோர் அறியாதவை அல்ல. அறிந்திருந்ததைச் செய்ய ஆளும் பணமும் நிலத்தின்மேல் அதிகாரமும் போதவில்லை.

அதற்குப் பின் நடந்தவற்றில் நம்பிக்கை தருவனவும் உள்ளன. 2019 முதல் பெர்ஹிலித்தானும் காவல் துறையும் பிற துறைகளும் கூட்டாக வேட்டை ஒழிப்பு நடவடிக்கைகளை நடத்துகின்றன. முன்னாள் படைவீரர்களும் முன்னாள் காவலர்களும் பழங்குடியினரான ஒராங் அஸ்லி மக்களும் வனக் காவலராகச் சேர்க்கப்பட்டுள்ளனர். 2021இல் அமைச்சரவை 2030 வரைக்குமான ஒன்பது அவசர நடவடிக்கைகளுக்கு ஒப்புதல் தந்தது. பிரதமர் தலைமையில் புலிக்கென ஒரு தேசியப் பணிக்குழு அமைந்தது. பணிக்குழுவுக்குப் பிரதமர் தலைமை தாங்குவதை நான் பெரிதாக எண்ணுவதற்குக் காரணம், மாநில முதல்வர்களான மந்திரி பெசார்களோடு நிலத்தைப் பற்றிப் பேசும் வலிமை துறைத் தலைவர் ஒருவருக்கு இல்லை என்பதே. 2023இல் பகாங்கில் தாமான் நெகாராவை ஒட்டி ஏறத்தாழ 1,34,000 எக்டர் காடு புலிகளுக்கென அரச காப்பகமாக ஒதுக்கப்பட்டது. நிலம் உடையவர் முன்வந்தால் என்ன ஆகும் என்பதை அது காட்டுகிறது.

ஐந்தாம் படி: காலத்தைக் கணக்கில் எடுத்தல்

சுமத்திரா காண்டாமிருகம் எண்டாவ்-ரொம்பின் காட்டில் வாழ்ந்த விலங்கு. எங்கள் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். 1984இல் சிங்கப்பூரில் கூடிய வல்லுநர்கள், தனித்தனியாகச் சிதறிக் கிடந்த விலங்குகளைப் பிடித்துக் காப்பிடத்தில் இனம்பெருக்கச் செய்வது என்று முடிவெடுத்தனர். அந்த முயற்சியில் நம் நாட்டில் காப்பிடத்தில் கருவாகி ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. சிலாங்கூரின் சுங்கை டூசூன் காப்பகத்தில் இருந்த ஐந்து காண்டாமிருகங்களும் 2003இல் சில வாரங்களுக்குள் நோயால் மாண்டன. 2015இல் மலேசியக் காடுகளில் அந்த இனம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. சபாவில் மிஞ்சியிருந்த தாம் என்ற ஆண் 2019 மே மாதத்திலும், இமான் என்ற பெண் அதே ஆண்டு நவம்பரிலும் இறந்தன. அத்தோடு முடிந்தது.

திட்டம் இல்லாமல் அந்த இனம் போகவில்லை. எண்ணிக்கை மிகக் குறைந்தபின், ஆண் துணையைச் சந்திக்காத பெண் விலங்குகளின் கருப்பையில் கட்டிகள் வளர்ந்து இனப்பெருக்கமே இயலாமல் போயிற்று. அந்நிலையில் எந்தத் திட்டமும் பயன்படாது. யானைக்குக் கருக்காலம் ஏறத்தாழ 22 மாதம். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே நான்கைந்து ஆண்டுகள் ஆகும். இப்படிப்பட்ட விலங்குக்கு ஐந்தாண்டுத் திட்டத்தில் பலன் தெரியாது. ஆகவே "இன்னும் சில ஆண்டு பொறுத்துப் பார்ப்போம்" என்று ஆவணத்தில் எங்கே கண்டாலும், அந்தச் சில ஆண்டு விலங்கின் எத்தனை பிறப்புக்குச் சமம் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: யானைத் திட்டத்தை நம் தோட்டத்தின் வரைபடத்தில் பொருத்துதல்

தீபகற்பத்துக்கான தேசிய யானைப் பாதுகாப்புச் செயல்திட்டம் 2013இல் வெளியிடப்பட்டது. 2030 வரைக்குமான அதன் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. முதல் திட்டத்தில் தீபகற்பத்தின் யானைகள் 1,223 முதல் 1,677 வரை என்று மதிப்பிடப்பட்டிருந்தன. குளுவாங், மெர்சிங், கோத்தா திங்கி மாவட்டங்களின் காடுகளில் வாழும் யானைகள், ஒருபுறம் தோட்டமும் மறுபுறம் நெடுஞ்சாலையுமாகச் சூழப்பட்டவை. காஹாங் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்வோருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

திட்டத்தில் வரும் மூன்று சொற்களை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். முதலாவது இடமாற்றம். 1974 முதல் தொல்லை தரும் யானைகளைப் பிடித்துப் பெருங்காடுகளில் கொண்டுபோய் விடும் பணி நடக்கிறது. தொடக்கத்தில் அசாமிலிருந்து பழக்கப்பட்ட யானைகள் வரவழைக்கப்பட்டன. பிடிபட்ட காட்டு யானையை இரு பக்கமும் கும்கி நின்று நடத்திப் போவதை நேரில் கண்டவர்கள் எங்கள் தோட்டத்தில் இருந்தார்கள். பகாங்கில் கோலா கண்டா யானைக் காப்பகம் 1989இல் இந்தப் பணிக்கெனத் தொடங்கப்பட்டது. மனிதர் உயிருக்கு ஆபத்து வரும் இடத்தில் இடமாற்றம் தேவைதான். ஆனால் ஒரு யானையைக் கொண்டுபோனால் அதன் கூட்டம் இங்கேயே இருக்கும். கொண்டுபோய் விட்ட இடத்தில் அந்த யானை நிற்காமல் வேறு தோட்டத்தில் இறங்கவும் செய்யும். கேட்டவுடன் பிடித்துப் போக வேண்டும் என்று மனு எழுதுவோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மின்வேலி. அரசு அமைத்துத் தரும் யானைத் தடுப்பு மின்வேலி, உயிரைக் கொல்லாத குறுகிய அதிர்ச்சியைத் தருவது. வேலியைப் போடுவதில் அன்று, அதைப் பேணுவதில்தான் காரியம் கெடுகிறது. கொடி படர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். யானை மரத்தைச் சாய்த்துக் கம்பிமேல் போட்டுக் கடக்கக் கற்றுக்கொள்ளும். நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நிருவாகம் வேலியைச் சொந்தச் செலவில் போட்டுவிட்டு, புல் வெட்டும் ஆட்களை மூன்றாம் மாதமே வேறு வேலைக்கு மாற்றியது. ஆண்டு முடிவதற்குள் வேலி வெறும் கம்பியாயிற்று. அதைவிடப் பெரிய பிழை, பக்கத்துத் தோட்டத்தோடு கலந்து பேசாமல் போட்டது. எங்கள் வேலியில் முட்டிய யானைகள் பக்கத்துக் கம்பத்து வாழைத் தோட்டங்களுக்குத் திரும்பின. அங்கே இருந்தவர்கள் சிறு உடைமைக்காரர்கள்; அவர்களுக்கு வேலி போட வசதியில்லை. வேலிக் கோடு ஒரு தோட்டத்தின் எல்லையைப் பின்பற்றி ஓடக்கூடாது. யானைக்கு வழி எங்கே விடுகிறோம் என்று வட்டாரம் முழுதுக்கும் வரைந்த பின்பே முதல் கம்பத்தை நட வேண்டும்.

மூன்றாவது வழித்தடம். துண்டுபட்ட காடுகளை இணைக்க, தீபகற்பத்தின் நடுவே வடக்கு தெற்காகச் செல்லும் காட்டு முதுகெலும்புத் திட்டம் ஒன்று 2009க்குப் பிறகு வகுக்கப்பட்டு, 37 இணைப்புகள் குறிக்கப்பட்டன. சாலை குறுக்கிடும் இடங்களில் விலங்குகள் அடியில் கடக்கும்படி உயர்த்திய பாலங்களும் கட்டப்பட்டுள்ளன. பகாங்கின் சுங்கை யூ பாலம் அவற்றில் ஒன்று. வழித்தடம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2025 மே 11ஆம் தேதி கிரிக் நெடுஞ்சாலையில் நாடே பார்த்தது: லாரியில் அடிபட்டு அடியில் சிக்கிய குட்டியை விட்டு அகலாமல், தாய் யானை லாரியின் முகப்பில் தலையை வைத்து முட்டிக்கொண்டு நின்றது. அன்று அன்னையர் தினம்.

தோட்ட அளவில் உடனே செய்யத்தக்கதும் உண்டு. செம்பனை முதிர்ந்துவிட்டால் யானையால் பெரிய நட்டமில்லை. குருத்தைத் தின்ன எளிதான இளங்கன்றுப் பருவத்தில்தான் இழப்பு. எனவே காட்டோரத் தீம்பார்களை, அதாவது நடவுப் பிரிவுகளை, எல்லாம் ஒரே ஆண்டில் மறுநடவு செய்யாமல், பகுதி பகுதியாக, பக்கத்துத் தோட்டங்களின் அட்டவணையையும் கேட்டுக்கொண்டு செய்யும்படி நிருவாகத்திடம் எழுத்து மூலம் கோரலாம். மலேசிய நிலைத்தன்மை செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயமாகிவிட்டது. அந்தச் சான்றிதழில் பல்லுயிர்ப் பாதுகாப்பும் ஒரு நிபந்தனை. ஆகவே அரிய விலங்குகளுக்கான உங்கள் தோட்டத்தின் திட்டம் எது என்று நிருவாகத்தைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஏழாம் படி: நிலத் திட்டங்களில் குரல் கொடுத்தல்

நிலம் மாநிலத்தின் கையில் என்றேனல்லவா? அந்தக் கையை நம் குரல் எட்டும் சட்ட வழி, 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். மாநிலத்துக்குக் கட்டமைப்புத் திட்டமும் மாவட்டத்துக்கு உள்ளூர்த் திட்டமும் வரைய வேண்டும் என்கிறது அது. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு, குறைந்தது நான்கு வாரங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அதற்குள் யாரும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நகராண்மைக் கழக அலுவலகத்தில் வண்ண வரைபடங்களோடு பலகைகள் வைத்திருப்பார்கள். நம்மவர்கள் அவற்றைக் கடந்துபோய் மதிப்பீட்டு வரியைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பலகையின் முன் நின்று, தேசியத் திட்டத்தில் வழித்தடமாகக் குறிக்கப்பட்ட இடம் உள்ளூர் வரைபடத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தப் படியின் சாரம். வேளாண்மை நிறத்திலோ குடியிருப்பு நிறத்திலோ இருந்தால், இரண்டு அரசு ஆவணங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று பொருள். அந்த முரணையே ஆட்சேபமாக எழுதலாம்.

பெரிய அளவில் காடழித்துச் செய்யப்படும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு தேவை. 2015ஆம் ஆண்டின் ஆணைப்படி இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டங்களின் அறிக்கை பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்படும். நிரந்தரக் காப்புக் காட்டைக் காப்பு நிலையிலிருந்து விடுவிக்கும் முன் பொது விசாரணை வேண்டும் என்று தேசிய வனச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. ஆனால் மாநிலங்கள் தனித்தனியே ஏற்றுக்கொண்டால்தான் அது அங்கங்கே செல்லும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்பதற்கு இது தகுந்த கேள்வி.

எட்டாம் படி: பணத்தின் வழியைப் பார்த்தல்

காட்டை வெட்டினால் மாநிலத்துக்கு வருவாய். வெட்டாமல் வைத்தால் வருவாய் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய, காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு நிதி வழங்கும் சூழலியல் நிதி மாற்று ஏற்பாடு 2019இல் 60 மில்லியன் ரிங்கிட்டோடு தொடங்கியது. 2024இன் வரவுசெலவுத் திட்டத்தில் 200 மில்லியனாகவும் 2025இல் 250 மில்லியனாகவும் உயர்ந்தது. பதின்மூன்று மாநிலங்களுக்குப் பங்கிட்டால் இது பெரிய தொகையன்று, ஆனால் திசை சரியானது. ஆண்டுதோறும் வரவுசெலவு அறிவிப்பின்போது இந்த ஒரு வரியை மட்டுமாவது தேடிப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: ஏடு வைத்தல்

நான் செய்யாமல் விட்டதை நீங்கள் செய்ய வேண்டும். கோடிட்ட கெட்டி அட்டை நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், தீம்பார் எண், பார்த்தது என்ன, காலடியா, சாணமா, விலங்கா, எத்தனை, குட்டி உண்டா, எங்கிருந்து எங்கே போயிற்று, சேதம் எவ்வளவு, பார்த்தவர் எந்த வேலையில் இருந்தார் என்று வரிசையாக எழுதுங்கள். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் அறுவடையாளர்களே முதலில் பார்ப்பவர்கள். அவர்களில் பலர் இப்போது வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் ஆகையால், அவர்களிடம் மலாயில் கேட்டு எழுதும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும். தாப்பிர், சூரியக் கரடி, இருவாய்ச்சி என்று யானை அல்லாதவற்றையும் விடாதீர்கள். காட்டுப்பன்றி குறைந்துவிட்டதா என்பதும் பதிவாகட்டும்; 2021இல் நாட்டுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றிகளையும் தாக்கியது, காட்டுப்பன்றி புலிக்கு இரை.

யானையை நேரில் கண்டால் விளக்கை அதன் முகத்தில் அடிக்காமல், பட்டாசு கொளுத்தாமல், விலகி வந்து பெர்ஹிலித்தானின் 1-800-88-5151 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். கம்பிக் கண்ணியைக் கண்டால் அது இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கழற்றாமல் அதே எண்ணுக்குத் தெரிவியுங்கள். கண்ணி வழக்குக்குச் சான்று.

மாதக் கடைசியில் அந்த ஏட்டின் படியை மூன்றாக எடுத்து, ஒன்றைத் தோட்ட நிருவாகத்திடமும், ஒன்றை மாவட்டப் பெர்ஹிலித்தான் அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் கையொப்பமும் வாங்கிய மூன்றாவது படியைக் கோயில் அலுவலகத்திலோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ கோப்பில் போடுங்கள். உள்ளூர்த் திட்டத்தின் வரைவு அடுத்த முறை பார்வைக்கு வரும்போது, ஆட்சேபக் கடிதத்தோடு இணைக்க வேண்டியது அந்தக் கோப்புதான்.